நாற்சார் வீடும் முதுமைக் காலமும்

மனிதன் வீட்டைக் கட்டுவது பெரும்பாலும் நடுவயதில். அவ்வீட்டிலே நெடுநேரம் தங்கியிருப்பதோ முதுமையில். உழைக்கும் பருவத்தில் வயலும் கடையும் கந்தோரும் பகற்பொழுதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வீடு உறங்குமிடமாகவே இருக்கிறது. ஓய்வு பெற்றபின் நிலைமை மாறுகிறது. நண்பகல் வெக்கையும், நள்ளிரவு இருளும், மாரிகால ஈரமும் அப்போதுதான் முழுமையாக உணரப்படுகின்றன. ஆயினும் வீடு கட்டும்போது அந்தக் காலத்தை மனத்திற் கொண்டு கட்டுவோர் சிலரே. எனவே, கட்டிய வீட்டை முதுமைக்கேற்பத் திருத்தியமைப்பது எவ்வாறு என்ற கேள்வி எழுகின்றது.

இலங்கையில் இக்கேள்வி முக்கியமானது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நாட்டிலே 100 பேருக்கு 12 பேருக்கு மேற்பட்டோர் அறுபது வயதை எட்டியவராக இருந்தனர். அதன்பின் அத்தொகை கூடியே வந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் மின்கட்டணம் பெரிதும் உயர்ந்தது. மின்விசிறியையும் குளிரூட்டியையும் நம்பியே வெக்கையைச் சமாளித்த வீடுகள் அந்நாட்களில் அடுப்புப்போலக் கொதித்தன. அதனாற் பெரிதும் துன்புற்றவர்கள் முதியவர்களே. ஆகவே, முதுமைக்கேற்ற வீடும் மின்சாரச் செலவு குறைந்த வீடும் வெவ்வேறல்ல. இவ்வுண்மையை விளக்குவதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய நாற்சார் வீட்டைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் கிடைப்பதரிது.

நாற்சார் வீடு என்பது நடுவே திறந்த முற்றமும், அதனைச் சூழ நாற்புறமும் தாழ்வாரமும் அறைகளும் அமைந்த வீடாகும். குடாநாட்டு நிலத்தின் அடியிலே கிடைக்கும் சுண்ணக்கல்லாற் சுவர் எழுப்பி, சுண்ணாம்புச் சாந்து பூசி, வைரம் பாய்ந்த பனைமரத்தாற் கைமரமும் சலாகையும் இட்டு, அதன்மேல் ஓடு வேய்ந்தனர். தெருப்பக்கத்திலே திண்ணையும் தலைவாசலும், பின்புறத்திலே அடுப்படியும் கிணற்றடியும், வளவெங்கும் வேம்பும் மாவும் பலாவும் இருந்தன.

இவ்வமைப்பு அழகுக்காக மாத்திரம் ஏற்பட்டதன்று. வெப்பக் காற்று மேலெழும். குளிர்ந்த காற்று கீழே தங்கும். இரவிலே திறந்த வானத்தை நோக்கி முற்றம் தன் வெப்பத்தை இழக்கிறது. குளிர்ந்த காற்று அங்கே இறங்கி, தாழ்வாரத்தின் வழியாக அறைகளுட் பரவுகிறது. பகலிலே தாழ்ந்திறங்கிய கூரை, தாழ்வாரத்தையும் சுவரையும் வெயில்படாமற் காக்கிறது. ஓடுகளின் இடுக்குகள் கூரையின் கீழ்த் தேங்கும் வெப்பக் காற்றை வெளியேற்றுகின்றன. தடித்த கற்சுவர் பகல் வெப்பத்தை உடனே உள்ளே விடாது தாமதிக்கச் செய்கிறது. ஒரு சதத்து மின்சாரமும் செலவாகாமல் இவை யாவும் நிகழ்ந்தன.

இங்ஙனம் இயங்கிய வீடு பின்னர் எவ்வாறு கெட்டது? போர்க்காலத்தில் ஓடுகள் உடைந்தன. இடம்பெயர்வினால் வீடுகள் ஆண்டுக்கணக்கிற் பூட்டிக்கிடந்தன. பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் பனைகள் பெருந்தொகையாக வெட்டப்பட்டன. திரும்பி வந்தவர்கள் கையிற் கிடைத்ததைக் கொண்டு கூரையை மூட வேண்டியிருந்தது. ஓட்டுக்குப் பதிலாகத் தகரமும், மக்கள் 'சீற்' என்று கூறும் கல்நார்த் தகடும் ஏறின. கள்வருக்கு அஞ்சியும், மழைச்சாரலை வெறுத்தும் பலர் முற்றத்தின் மேல் கொங்கிறீற்றுத் தட்டு இட்டனர். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களிற் சீமெந்து பூசினர். ஒவ்வொன்றும் அந்தந்த வேளையில் நியாயமான செயலே. எனினும், யாவும் சேர்ந்து வீட்டின் மூச்சை அடைத்துவிட்டன. அடைபட்ட மூச்சை மீட்காமற் குளிரூட்டி வாங்கிப் பொருத்துவது, நோயை விட்டு நோயின் அடையாளத்துக்கு மருந்திடுவதாகும்.

திருத்த வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பதைச் சூரியனே தீர்மானிக்கின்றது. யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகை 40 கலையில் உள்ளது. ஆகையால் ஆண்டில் இருமுறை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆகஸ்ட் மாத இறுதியிலும், நண்பகற் சூரியன் நேரே தலைக்குமேல் நிற்கிறது. மற்றைய நாட்களிலும் உச்சியிலிருந்து வெகுதூரம் விலகுவதில்லை. வெயிலின் பெரும்பங்கை ஏற்பது கூரை. அடுத்த பங்கு காலையிற் கிழக்குச் சுவருக்கும் மாலையில் மேற்குச் சுவருக்கும் உரியது. தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீற்றர் பரப்பின்மேல் ஏறக்குறைய 1,000 வாற்று அளவு வெயில் விழும். 100 சதுர மீற்றர் கூரையொன்றின்மேல் அந்நேரம் 1,000 வாற்று வெப்பமூட்டிகள் நூறு எரிவதற்கு அது சமானமாகும். ஆகவே கூரையைத் திருத்தாமல் வேறெதைத் திருத்தினும் முழுப்பயன் விளையாது.

ஓட்டுக்கூரை இன்னும் நிற்குமாயின் அதனைக் காப்பதே சிக்கனம். கறையான் அரித்த கைமரங்களையும் சலாகைகளையும் மாற்றி, உடைந்த ஓடுகளை நீக்கி, மீண்டும் வேயலாம். ஓட்டின் கீழே அலுமினியத் தாளை விரித்து, அதற்கும் ஓட்டுக்கும் இடையிற் சில அங்குலம் காற்றிடம் விட்டால், சுட்ட ஓட்டிலிருந்து இறங்கும் வெப்பக் கதிரின் பெரும்பகுதி தடுக்கப்படும். காற்றிடம் இன்றேல் அத்தாள் பயனற்றது. அதன்கீழ் மரப்பலகையால் உட்கூரை அமைப்பதாயின், இரு முகட்டுச் சுவர்களிலும் வலையிட்ட துவாரங்கள் வைத்து, இடையில் தங்கும் வெப்பக் காற்று வெளியேற வழி செய்ய வேண்டும். கொங்கிறீற்றுத் தட்டு பகல் முழுவதும் வெப்பத்தை உண்டு, இரவிலே அதை உள்ளே உமிழ்வது. அதன் மேற்பரப்பை வெண்மையாக்குவதும், அதற்குமேல் தனியாக ஒரு நிழற்கூரை போடுவதும் நன்று.

கல்நார்த் தகட்டைப்பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். அதன் நுண்ணிய தூசு நெஞ்சுக்குள் சென்றால் நெடுங்காலத்தின் பின் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது. முழுமையாகவும் உறுதியாகவும் இருக்கும் தகட்டை அறுக்கவோ, துளைக்கவோ, உரோஞ்சிக் கழுவவோ கூடாது. அகற்ற நேர்ந்தால், நீரால் நனைத்து, உடைக்காமல் முழுத்தகடாகவே இறக்கச் செய்தல் வேண்டும். அவ்வேலை நடக்கும் நாட்களில் முதியவர்களும் குழந்தைகளும் வேறிடத்தில் தங்குவது நல்லது.

சுவரைப் பொறுத்தவரை, பழைய சுண்ணக்கற் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேற் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும், உப்புப் பூக்கும், பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்று விழும். மாரிகாலத்தில் அந்த ஈரம் முதியவரின் சுவாசத்துக்கும் கேடு செய்யும். ஆதலால் கழன்ற இடங்களிற் சுண்ணாம்புச் சாந்தையே மீண்டும் பூசி, வெள்ளையடிப்பது தக்கது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும் நன்மையும் உடையது. மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு வேம்போ, கிடுகு வேய்ந்த பந்தரோ நிழல் தருமாயின் மாலை நேரத்து வெக்கை கணிசமாகக் குறையும்.

முற்றத்தை மீண்டும் திறப்பதே பலர் தயங்கும் காரியம். அவர்களின் அச்சங்களுக்கு விடையுண்டு. கள்வர் பயத்துக்கு மேலே இரும்புக் கிராதி போதும். நுளம்புக்கு உறங்கும் அறைகளின் யன்னல்களில் வலை அடிக்கலாம். மழைநீர் தேங்காதபடி தளத்தைச் சற்றுச் சரித்து, வாய்க்கால் வைத்து, பீலிகளைத் துப்புரவாக வைத்திருந்தால் டெங்கு நுளம்பு பெருகாது. கூரையை நீட்டி இறக்கினால் சாரலும் அடங்கும். 1960களின் தொடக்கத்திலே கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கொழும்பில் ஈனா டி சில்வாவுக்காக அமைத்த வீடு, நெருக்கமான நகர வளவிலும் நடுமுற்றம் பொருந்தும் என்பதை எடுத்துக்காட்டியது. படித்த கட்டடக் கலைஞர் மீண்டும் தேடிச்சென்ற முற்றத்தை, பரம்பரையாக அதை உடையவர்கள் மூடிவிடுவது விந்தையே.

முற்றம் திறந்தபின் காற்றின் பாதையைச் சீர்செய்ய வேண்டும். குடாநாட்டிலே வெப்பமான மாதங்களில் வீசும் சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து வருவது. வாடை வடகிழக்கிலிருந்து வருவது. சோழகத்தை எதிர்கொள்ளும் பக்கத்தில் யன்னல் வைப்பதோடு, எதிர்ப்பக்கத்திலும் திறப்பு வேண்டும். போகும் வழியில்லாத இடத்துக்குக் காற்று வராது. காற்று அசையாத சித்திரைப் பகலில், வெயில் ஏறுமுன் யன்னல்களைச் சாத்தி, மாலையிலே திறந்துவிடுவது தடித்த சுவருள்ள வீட்டுக்கு ஏற்ற வழக்கம்.

இவ்வளவு கவனம் முதியவருக்கு ஏன் வேண்டும்? முதுமையிலே வியர்வை குறைகிறது. தோலுக்கு அதிக இரத்தத்தைச் செலுத்தி உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் இதயத்துக்குக் குன்றுகிறது. தாக உணர்வும் மங்குகிறது. இரத்த அழுத்தத்துக்காக உட்கொள்ளும் சில மருந்துகள் உடலின் நீரைக் குறைக்கின்றன. ஆகவே, 'எனக்கு ஒன்றும் வெக்கையாக இல்லை' என்று முதியவர் சொல்வதை மாத்திரம் நம்பியிருத்தல் கூடாது. அவர் இருக்கும் அறையிலே சிறிய வெப்பமானி ஒன்றைத் தொங்கவிடுவது பயனுள்ள செயல். மின்விசிறி காற்றைக் குளிரச் செய்வதில்லை. தோலின் ஈரத்தை உலர்த்தியே மனிதனைக் குளிர்விக்கிறது. காற்றின் வெப்பம் உடலின் வெப்பத்தை நெருங்கும்போது விசிறியோடு ஈரத்துணியால் உடலைத் துடைப்பதும், அடிக்கடி நீர் அருந்துவதும் வேண்டும்.

வெக்கைக்கு அடுத்த பகை வழுக்கி விழுதல். நாற்சார் வீட்டின் பெருமைகளை எடுத்துரைப்போர் அதன் குறைகளையும் ஒப்புக்கொள்ளல் முறை. உயர்ந்த நிலைப்படி, முற்றத்துக்கு இறங்கும் ஒற்றைப்படி, பாசி படர்ந்த கிணற்றடி, வளவின் கோடியிலுள்ள மலசலகூடம், குனிந்து எரிக்கும் அடுப்பு ஆகியவை இளமையிற் பொருட்படுத்தப்படாதவை, முதுமையிற் பொறிகள். இடுப்பெலும்பு முறிந்த ஒருவர் மீண்டும் பழையபடி நடமாடுவது அரிது. கூரையிலே பல இலட்சம் செலவிட்டுப் படியைத் திருத்தாமல் விடுவது பேதைமை.

ஓரடி உயரமுள்ள படிக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் அமைத்தால் கைத்தடியோடும் சக்கர நாற்காலியோடும் இலகுவாக ஏறலாம். படிகளின் இருபுறமும் ஏறத்தாழ மூன்றடி உயரத்திற் கைப்பிடி வேண்டும். கதவைத் திறந்தபின் எஞ்சும் வழி 32 அங்குலத்துக்குக் குறையாதிருக்க வேண்டும். மினுங்கும் தரையோடு பளபளப்பாயிருப்பினும் ஈரத்திலே எமனாகும்; சொரசொரப்பான தரையே பாதுகாப்பானது. அடுப்பை நின்று சமைக்கும் உயரத்துக்கு உயர்த்தி, புகைபோக்கி வைத்தால் முதுகுக்கும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஒருங்கே நன்மை.

மலசலகூடமும் குளிக்கும் இடமும் படுக்கையறைக்கு அருகே வருவது யாவற்றிலும் அவசியமான மாற்றம். ஆசனம் நாற்காலியின் உயரத்துக்கு அமைய வேண்டும். பக்கத்துச் சுவரில் மனிதனின் முழுப்பாரத்தையும் தாங்கக்கூடிய பிடிகம்பி பதிக்க வேண்டும். துவாய் தொங்கவிடும் கம்பி அப்பாரத்தைத் தாங்காது. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே விழுந்துகிடப்பவரின் உடல், உட்புறம் திறக்கும் கதவைத் தடுத்துவிடும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கத்தக்கதாக இருத்தல் நன்று. ஆனால் ஒன்றை மறத்தலாகாது: குடாநாட்டின் சுண்ணக்கற் பாறை வெடிப்புகள் நிறைந்தது, கழிவுநீர் அவ்வெடிப்புகளினூடாக எளிதிற் கிணற்றை அடையும். எனவே கழிவுத்தொட்டி நீர் கசியாததாகவும், கிணற்றிலிருந்து இயன்ற அளவு தொலைவிலும் அமைய வேண்டும். அதன் இடத்தைத் தீர்மானிக்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையைப் பெறுவது அறிவுடைமை.

வெளிச்சத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அறுபது வயதினரின் கண்ணுட் சென்று சேரும் ஒளி, இருபது வயதினருக்குச் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. பழைய வீட்டின் உள்ளறைகள் இருண்டவை. தாழ்வாரத்தின் மேல் ஓரிரு கண்ணாடி ஓடுகள் வைத்தாற் பகலில் விளக்கு வேண்டியதில்லை. அவை மிகுந்தால் வெக்கை கூடும். கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை இரவு முழுவதும் எரியும் சிறு விளக்குகளும், படுத்தவாறே கைக்கெட்டும் ஆளியும் வேண்டும். முன்னர் 60 வாற்றுக் குமிழ் தந்த வெளிச்சத்தை இன்று 9 வாற்று எல்.ஈ.டி. விளக்குத் தருகிறது.

வீடு தன் வேலையைத் தானே செய்யத் தொடங்கியபின்பே மின்கருவிகளைக் கணக்கிட வேண்டும். பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாற்று இழுக்கும். புதிய சிக்கன வகை 30 வாற்றளவில் இயங்கும். நாளுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் முன்னது மாதத்துக்கு 22½ அலகும், பின்னது 9 அலகும் செலவிடும். 1,000 வாற்றுக் குளிரூட்டி இரவில் எட்டு மணி நேரம் ஓயாது இயங்கினால் மாதத்துக்கு 240 அலகு ஆகும். அலகுகள் கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும் கட்டண முறையில் இவ்வேறுபாடு மேலும் பெருகும். நோயாளி ஒருவருக்குக் குளிரூட்டி இன்றியமையாததாயின், உட்கூரையும் இறுக்கமான கதவுமுள்ள ஒரு சிறிய அறைக்கு மாத்திரம் அதனைப் பொருத்தலாம். பழைய மின்கம்பிகளைச் சோதித்து, மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் கருவியைப் பொருத்துவதும் இதனோடு சேர்ந்த வேலை.

கூரையிற் சூரியத் தகடு வைப்பது இறுதியிற் செய்யத்தக்கது. ஒரு கிலோவாற்றுத் தகடு வெயில் மிகுந்த யாழ்ப்பாணத்திலே நாளுக்கு ஏறக்குறைய 4 அலகு தரும். ஆயினும், பொது மின்விநியோகக் கம்பியோடு மாத்திரம் இணைந்த தொகுதி, மின்தடையின்போது தானும் நின்றுவிடும் என்பதைப் பலர் அறியார். தடையிலும் காற்று வேண்டுமாயின் மின்கலம் வேண்டும். 30 வாற்று விசிறி ஒன்றும் 9 வாற்று விளக்கு இரண்டும் பத்து மணி நேரம் இயங்கத் தேவைப்படுவது அரை அலகுக்கும் குறைவே. அதற்குச் சிறிய மின்கலம் ஒன்று போதும். தேவை சிறிதாயிருப்பின் சாதனமும் சிறிதாகும், செலவும் அவ்வாறே.

ஆக, வேலைகளின் வரிசை தெளிவாகிறது. முதலிலே பிடிகம்பி, சாய்தளம், இரவு விளக்கு. இவை சில நாட்களில், சிறு செலவில் முடிபவை. அடுத்துக் குளியலறை. அதன்பின் கூரையும் முற்றமும் காற்றின் வழியும். கடைசியாகவே கருவிகள். பெரும்பாலும் நடைபெறுவதோ இதற்கு நேர்மாறு. கடல் கடந்து உழைக்கும் பிள்ளைகள் அன்போடு பணம் அனுப்புகிறார்கள்; அப்பணத்தில் மேல்மாடி எழும்புகிறது, மினுங்கும் தரையோடு பதிகிறது, குளிரூட்டி வருகிறது. மாடிப்படி ஏற இயலாத தாயும் தந்தையும் கீழே வெக்கை நிறைந்த அறையில் இருந்துகொண்டு, மின்கட்டணத்துக்கு அஞ்சிக் குளிரூட்டியையும் நிறுத்தி வைக்கிறார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்ல அவர்களுக்கு மனம் வருவதில்லை.

ஆதலால் திருத்த வேலைக்குத் திட்டமிடுமுன், வீட்டில் வாழப்போகும் முதியவரிடமே கேட்க வேண்டிய கேள்விகள் சில உள. இரவில் எத்தனை தடவை எழும்புகிறார்? எந்தப் படியிற் கால் தடுமாறுகிறது? பிற்பகலில் எந்த மூலையிற் கதிரையைப் போட்டுக்கொள்கிறார்? அவருடைய விடைகளே திருத்த வேலையின் உண்மையான வரைபடம். நள்ளிரவில் எவரையும் எழுப்பாமல், எதையும் பற்றித் தடுமாறாமல், வெளிச்சத்திலே நடந்து சென்று திரும்பி வந்து, காற்றோட்டத்தில் மீண்டும் உறங்க முடிகிறதாயின் அந்த வீடு முதுமைக்கேற்ற வீடாகும்.